திபிலிசிக்கு முதல் பயணம், வெள்ளி முதல் திங்கள் வரை: கஸ்பெகி போகலாமா, ஊரிலேயே இருக்கலாமா?

ஷார்ஜாவாசி:
நண்பர்களே, மார்ச்சில் ஈத் விடுமுறைக்கு நானும் மனைவியும் அம்மாவும் ஜார்ஜியா போகிறோம். வெள்ளி காலை இறங்கினால் திங்கள் மதியம் திரும்ப விமானம். விசா வேலையெல்லாம் முடிந்துவிட்டது. ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் சனி முழுக்க கஸ்பெகி மலையூர், ஞாயிறு முழுக்க காகேத்தி திராட்சைத் தோட்டங்கள் என்று இருக்கிறது, தலைநகர் திபிலிசிக்கு நேரமே இல்லை. எனக்கோ ஒரு பழைய சோவியத் குடியரசின் தலைநகரத்தில் காலாற நடக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அம்மாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டார். என்ன செய்யலாம்?

மலைக்காற்று:
கஸ்பெகி, காகேத்தி இரண்டையும் எடுத்துவிடுங்கள். கஸ்பெகியைக் குறை சொல்லவில்லை, 2,170 மீட்டர் உயரத்தில் அந்த கெர்கெத்தி தேவாலயம் தன்னந்தனியாக நிற்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்தான். ஆனால் போகவே மூன்று மணி நேரம், ரஷ்ய எல்லைக்குப் போகும் லாரிகள் வரிசைகட்டி நின்றால் இன்னும் கூடும், நடுவில் ஜ்வாரி கணவாய் வேறு. மார்ச்சில் பனிச்சரிவு ஆபத்தால் அந்தச் சாலையை மூடிவிடுவதும் உண்டு. ஒருநாள் முழுக்க அம்மாவை வண்டியில் உட்காரவைத்து, மேலே ஒரு மணி நேரம் நிற்பதற்காகவா இவ்வளவு தூரம் போகிறீர்கள்?

ஊரைவிட்டு வெளியே போயே ஆகவேண்டும் என்றால் பழைய தலைநகரமான ம்த்ஸ்கேத்தா போதும், டாக்ஸியில் அரை மணி நேரம்தான். குன்றின்மேல் ஆறாம் நூற்றாண்டு ஜ்வாரி மடாலயம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அராக்வி ஆறும் ம்த்க்வாரி ஆறும் கலக்கும் இடம் கீழே தெரியும், பல நாட்களில் இரண்டு தண்ணீரும் இரண்டு நிறமாகவே இருக்கும். தேவாலயங்களுக்குள் பெண்கள் தலையை மூட வேண்டும், அம்மாவையும் மனைவியையும் கையில் ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெள்ளி சாயங்காலம் திபிலிசியின் குளியலறைப் பகுதியான அபனோதுபானி போய்விடுங்கள். தரையோடு தரையாக செங்கல் குவிமாடங்கள், அவற்றுக்கு அடியில்தான் கந்தகக் குளியலறைகள். பூமியிலிருந்தே சூடாக வரும் தண்ணீர், அழுகிய முட்டை வாடை இருக்கும், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். குடும்பத்துக்கென்று தனி அறை மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். காசு கொடுத்தால் ஆள் வந்து சொரசொரப்பான கையுறையால் முதுகு தேய்த்துவிடுவார். முட்டி வலிக்கு இதமாக இருக்கும், ஆனால் ரத்த அழுத்தம் இருந்தால் அம்மாவை அதிக நேரம் உட்காரவிடாதீர்கள்.

சிவப்பு_நட்சத்திரம்:
சோவியத் காலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மெட்ரோவில் ஏறுங்கள். 1966-ல் திறந்தது, ருஸ்தாவேலி நிலையத்தின் எஸ்கலேட்டர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், முடிகிற மாதிரி தெரியாது. மேலே ருஸ்தாவேலி சாலையில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். 1989 ஏப்ரல் 9 விடிவதற்கு முன் சுதந்திரம் கேட்டுக் கூடியிருந்தவர்கள்மேல் சோவியத் ராணுவம் மண்வெட்டிகளோடும் நச்சுவாயுவோடும் பாய்ந்த இடம் அது. சுமார் 20 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். இரண்டு வருடம் கழித்து அதே ஏப்ரல் 9 அன்றுதான் ஜார்ஜியா சுதந்திரத்தை அறிவித்தது. பக்கத்திலேயே தேசிய அருங்காட்சியகம், அதில் சோவியத் ஆக்கிரமிப்புக்கென்றே ஒரு கூடம் வைத்திருக்கிறார்கள். அவசரப்படாமல் பாருங்கள். திங்கள் விடுமுறை, சனி ஞாயிறிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம் உலர்பாலம் சந்தை. பழைய பதக்கங்கள், கேமராக்கள், தேநீர்க் கோப்பைகள், யாரோ வீட்டு அலமாரியிலிருந்து வந்த வெள்ளிக் கரண்டிகள், எல்லாம் துணி விரித்துத் தரையில் கிடக்கும். விற்பவர்களில் வயதானவர்கள் அதிகம். ரொம்பவும் அடித்துப் பேரம் பேசாதீர்கள், அந்த ஆட்சி விழுந்தபின் வந்த வருடங்களில் வீட்டுச் சாமான்களை விற்றே வயிற்றைக் கழுவிய குடும்பங்கள் அந்த ஊரில் ஏராளம்.

முன்னாள்_மாணவி:
நான் அங்கே மருத்துவம் படித்தவள், சாப்பாட்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மார்ச்சில் அவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்புக் காலம், இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத நோன்பு மெனு நிறைய கடைகளில் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். மண்சட்டியில் வரும் லோபியோ நம் ராஜ்மா மாதிரிதான், கூடவே சோள ரொட்டி. வால்நட் அரைத்து உள்ளே வைத்துச் சுருட்டிய கத்திரிக்காய் அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். கொழுக்கட்டை மாதிரியான ஹின்காலியில் காளான், உருளைக்கிழங்கு வகைகள் உண்டு. பீன்ஸ் வைத்த ரொட்டியான லோபியானி வாங்கும்போது மட்டும் கவனம், ராச்சா வகையில் பன்றி இறைச்சி போடுவார்கள். சீஸ் ரொட்டியான ஹச்சாபுரியில் அஜாரியன் வகையில் முட்டை உடைத்து ஊற்றுவார்கள், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

பனிப்பிரியன்:
மலைக்காற்று அண்ணா சொல்வது சரிதான், ஆனாலும் ஒரு வார்த்தை. அம்மா இதுவரை பனியே பார்த்ததில்லை என்றால் கஸ்பெகி போகும் வழியிலிருக்கும் குதௌரி வரைக்குமாவது போய்வாருங்கள், கணவாயைத் தாண்ட வேண்டியதில்லை. காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஷார்ஜாவாசி:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன், பனி வேண்டாம், அந்த வெந்நீர்க் குளியல் போதும் என்கிறார். சனி ஊருக்குள் நடை, ஞாயிறு காலை ம்த்ஸ்கேத்தா, மதியம் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்கிறேன். அபனோதுபானியில் தனி அறைக்கு முன்பதிவு தேவையா, நேரில் போனால் கிடைக்குமா?

மலைக்காற்று:
விடுமுறைக் கூட்டம் இருக்கும், முன்பதிவு செய்துவிடுங்கள். படிகள் குறைவான அறையாகக் கேளுங்கள், உள்ளே தரை வழுக்கும்.