மெய்யியலைத் தனியாகப் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளவத்தைப் பெடியன்:
ஏ.எல்.லில் அளவையியல் (தர்க்கம்) படித்தேன், இப்போது கணக்கு வேலை. மெய்யியல் படிக்க நெடுநாள் ஆசை. மேலைத்தேய மெய்யியல் வரலாறு என்று ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கினேன். தேலீஸ் தண்ணீர் என்றார், ஹெராக்ளிட்டஸ் நெருப்பு என்றார், நாற்பதாம் பக்கத்தில் யார் எதைச் சொன்னார் என்பதே குழம்பிவிட்டது. வகுப்புக்குப் போக நேரமில்லை. வழி சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
தம்பி, வரலாற்றை இப்போதைக்கு மூடி வையும். பிளேட்டோவின் யூதைஃப்ரோ என்ற சிறு உரையாடல் நூலை எடும், ஒரே இருப்பில் முடிக்கலாம், ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். யூதைஃப்ரோ சொந்தத் தகப்பன் மேலேயே கொலை வழக்குப் போட வந்தவன். தகப்பன் ஒரு கூலியாளைக் கட்டிப் பள்ளத்தில் போட, அவன் குளிரிலும் பசியிலும் செத்துப்போனான். தான் செய்வது புண்ணியம் என்கிறான் மகன். சரி, புண்ணியம் என்றால் என்ன என்று சோக்கிரடீஸ் பிடித்துக்கொள்கிறார்: தெய்வங்கள் விரும்புவதால் அது புண்ணியமா, புண்ணியம் என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? அந்த இடத்தில் நிறுத்தி, எடுகூற்றுகளையும் (முடிவுக்கு ஆதாரமான கூற்றுகளையும்) முடிவையும் உம்முடைய சொல்லிலேயே கொப்பியில் எழுதும். எழுத வராவிட்டால் இன்னும் விளங்கவில்லை, திரும்ப வாசியும். எனக்கு அந்த ஒரு பக்கத்துக்கே இரண்டு கிழமை போனது.

தெஹிவளை வாசகி:
நான் மணிமேகலையின் 27ஆம் காதையைச் சொல்வேன். வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயவாதியிடமாகப் போய்க் கேட்கிறாள். அளவைகள், அதாவது ஒன்றைச் சரியாக அறியும் வழிகள், வேதவியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்று தொடக்கத்திலேயே வரும். அளவையியல் படித்த உங்களுக்கு அது பிடிக்கும். கடைசியில், கண்ணால் காண்பதை மட்டும் நம்பும் பூதவாதியிடம், உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதைக் கருதல் (அனுமானம்) இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று ஒரு கேள்வி கேட்பாள் பாருங்கள்! கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்கு நடைதூரம்தானே, உரையுள்ள பதிப்பாகக் கேளுங்கள், வெறும் மூலத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நுகேகொடை வாசகர்:
இரண்டும் நல்லவை, ஒன்றை முடித்துவிட்டு மற்றதுக்குப் போங்கள். ஸ்டான்ஃபோர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியமும் இணையத்தில் இலவசம், ஆனால் மூலத்தை வாசித்த பிறகு போங்கள். முதலில் போனால் அந்தத் தடித்த புத்தகத்தின் கதைதான்.

வெள்ளவத்தைப் பெடியன்:
அண்ணா, கொப்பி வாங்கிவிட்டேன். அக்கா, பூதவாதியிடம் மணிமேகலை கேட்ட கேள்வியை நேற்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டேன். "பெத்தவள் நான், எனக்குத் தெரியாதா?" என்றார். அம்மாவுக்கு அது காண்டல் (நேரில் அறிந்தது), சரி. ஆனால் அம்மா சொன்னதை நம்பித்தானே எனக்குத் தெரியும், அப்போது அது கருதலா, அல்லது அந்தப் பத்தில் வேறொரு அளவையா?