அறிவு மேலாண்மைப் பாடத்தின் ஒப்படைப்புகளுக்கு என்ன விதி வைப்பது?

காட்பாடி ஆசிரியை:
வேலூருக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. மாணவர்களுக்கு வரும் பருவத்தில் அறிவு மேலாண்மையை விருப்பப் பாடமாக நடத்தவிருக்கிறேன். தெரிந்ததைப் பகிர்ந்தால்தான் ஒரு நிறுவனம் வளரும் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, அசைன்மென்டில் மட்டும் யாரும் எதையும் பகிரக் கூடாது என்று விதிப்பது எனக்கே முரணாகப் படுகிறது. பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் மென்பொருளில் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் மதிப்பெண் இல்லை என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) விதி என்று துறையில் சிலர் சொல்கிறார்கள். அது சரிதானா? அரக்கோணத்திலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் ரயிலில் வந்துபோகும் மாணவர்கள் இருப்பதால், தாமதமாகக் கொடுப்பவர்களை எப்படி நடத்துவது என்றும் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
அம்மா, அந்தப் பத்து விழுக்காட்டை உங்கள் பாடத்துக்குள் கொண்டுவராதீர்கள். யூ.ஜி.சி. 2018-இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளில் 10, 40, 60 என்ற விழுக்காட்டு வரம்புகள் இருப்பது உண்மையே. ஆனால் அவை ஆய்வேடுகளையும் ஆய்வு வெளியீடுகளையும் கருதி எழுதப்பட்டவை. ஒப்படைப்பு, பருவக் கட்டுரை, விடைத்தாள் ஆகியவற்றை அதன் வரையறையே விலக்கிவைக்கிறது. படித்துப் பார்க்காமலேயே பலர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆகவே விதியைத் துறையின் ஒப்புதலோடு நீங்களே எழுதி, முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பேசலாம், கோப்பைக் கைமாற்றக் கூடாது என்பது போதும். யாரிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று ஒவ்வொருவரும் இறுதியில் ஒரு பத்தி எழுதட்டும். அறிவு எங்கிருந்து வந்தது என்று பதிவுசெய்வதும் இப்பாடத்தின் பகுதிதானே.

ராணிப்பேட்டைக்காரன்:
விதியைவிடக் கேள்வித்தாளில்தான் கவனம் வேண்டும். நிறுவனத்தில் அறிவு உருவாகிப் பரவுவதை நான்கு நிலைகளாகப் பிரித்த ஜப்பானிய அறிஞர் நோனாகாவை வைத்து, ‘நோனாகாவின் நான்கு நிலைகளை விளக்குக’ என்று கேட்டால் அறுபது பேரும் ஒரே விடையைத்தான் தருவார்கள், செயற்கை நுண்ணறிவுச் செயலியும் அதையே தரும். மாறாக, சொல்லில் அடங்காத அறிவு என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி குறித்தது எங்கே இருக்கிறதோ அங்கே மாணவரை அனுப்புங்கள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல் பதத்துக்கு வந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லும் தொழிலாளி எங்கள் ஊரில் இருக்கிறார். ஆரணியில் பட்டு நெசவாளர் இருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவரிடம் கேட்டறிந்ததைக் கருத்துகளாகவும் உறவுகளாகவும் பிரித்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான புரோட்டேஜே மென்பொருளில் அறிவுக் கட்டமைப்பாக அமைத்துத் தரச் சொல்லுங்கள். ஆளுக்கொருவரைச் சந்தித்தால் பார்த்தெழுத இடமே இருக்காது. நேர்காணலுக்கு ஒப்புதல் பெறுவதையும், தொழில் இரகசியமான இரசாயன அளவுகளை எழுதாமல் விடுவதையும் கட்டாயமாக்குங்கள். முதலாளிகள் அதில் கடுமையாக இருப்பார்கள்.

பாலாற்றங்கரை:
நல்ல யோசனைதான், ஆயினும் எழுதியதை மாணவரே புரிந்துகொண்டாரா என்று அறிய ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வு தேவைப்படும். அறுபது பேருக்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்பதை இப்போதே கால அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்டு விடுப்புக் கடிதம் வாங்குவதில் பயனில்லை. பருவம் முழுவதற்கும் மூன்று சலுகை நாள்கள் கொடுத்து, அதற்குமேல் நாளொன்றுக்கு மதிப்பெண்ணில் பத்திலொரு பங்கைக் குறையுங்கள்.

ராணிப்பேட்டைக்காரன்:
சலுகை நாள்களை நான் ஏற்கவில்லை. எல்லாரும் அவற்றைக் கடைசி ஒப்படைப்புக்கே சேர்த்துவைப்பார்கள். வேலையை நேர்காணல் குறிப்பு, வரைவு, முழு வடிவம் என மூன்றாகப் பிரித்து வாங்கினால் ரயில் தாமதம் பெரிய சிக்கலாக இராது.