புதுப்பிப்பு: போச்சம்பள்ளி தகர ஷெட் தரைக்கு கம்பி கட்டியாச்சு

மாங்கா லோடு டிராக்டர் நிக்கிற ஷெட்டுக்கு கான்கிரீட் தரை போடணும், கம்பி வேணுமான்னு ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. 8 எம்எம் கம்பி, 8 இன்ச் இடைவெளி, தரை 5 இன்ச் கனம், எம்20 தர கான்கிரீட். காப்பாத்துனது நீங்க சொன்ன கவர் பிளாக் (கம்பியை மண்ணுல படாம தூக்கி நிறுத்துற சின்ன கட்டை) யோசனைதான், கம்பி அடியில மண்ணோட கிடந்தா விரிசலை தடுக்காது. கான்கிரீட் ஊத்தும்போது கம்பியை தூக்கிக்கலாம்னு கொத்தனார் சொன்னாரு, நான் ஒத்துக்கவே இல்ல, 3 இன்ச் பிளாக் வச்சுட்டேன். ஆனா 3 அடிக்கு ஒண்ணு பத்தலங்க, ஆளுங்க மிதிச்சதுல சாஞ்சிடுச்சு, 2 அடிக்கு ஒண்ணு வைங்க. ஊத்தின மறுநாளே, விரிசல் கண்டபடி ஓடாம இருக்க, 10 அடிக்கு ஒரு ஜாயிண்ட் (தரையில நேர்கோடா ஒரு வெட்டு), ஒண்ணேகால் இன்ச் ஆழம் வெட்டினோம். 14 நாள் தண்ணி கட்டி, 28 நாள் கழிச்சுதான் லோடு ஏத்தினேன். தரை தூணோட ஒட்டாம இருக்க தூணை சுத்தி தெர்மகோல் விடச் சொன்னீங்க, ஒரு தூணுக்கு விட்டுப்போச்சு, அந்த மூலையில மட்டும் முடி மாதிரி ஒரு விரிசல்.