வெள்ளவத்தை ரூமை விட்டிட்டு ஊரில இருந்து வேலை செய்யிற ஆக்கள், உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

நான் யாழ்ப்பாணத்தில கொக்குவில். 2017ல இருந்து கொழும்பில சொப்ட்வெயார் வேலை, வெள்ளவத்தையில ரெண்டு பெடியளோட ஒரு ரூம். காலமை 100, இல்லாட்டி 101 பஸ்ஸில தொங்கிக்கொண்டு கோட்டைக்கு போறது, பின்னேரம் அதே சனத்துக்குள்ள நெரிஞ்சு திரும்பி வாறது. 2020 மார்ச்சில ஊரடங்கு வரப்போகுது எண்டு கதை அடிபட்ட உடன லப்டொப்பையும் நாலு உடுப்பையும் எடுத்துக்கொண்டு இரவு பஸ் ஏறினனான், ரெண்டு கிழமையில திரும்பலாம் எண்டுதான் நினைச்சன், பாய் தலகாணி கூட அங்கதான் கிடந்தது. இப்பவும் மாசத்தில ரெண்டு நாள் ஒபிசுக்கு போறதோட சரி.

முதல்ல அயலில ஒருத்தரும் நம்பேல்ல. "தம்பிக்கு வேலை போட்டுதோ" எண்டு அம்மாவை தனியா கூப்பிட்டு கேட்டவை. 2022 ஜூனில பெற்றோல் இல்லாம அரசாங்க உத்தியோகத்தரையே ரெண்டு கிழமை வீட்டில இருந்து வேலை செய்யச் சொன்னாப்பிறகுதான் ஒழுங்கையில எல்லாருக்கும் விசயம் விளங்கினது. அந்த வருசம் மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, பக்கத்து வீட்டு மாமான்ர சோலார் பற்றரியில சார்ஜ் போட லப்டொப்பை சைக்கிள் கூடையில வச்சுக்கொண்டு போவன், அவர் இல்லாட்டி என்ர வேலை உண்மையாவே போயிருக்கும்.

அப்பாவை கிளினிக்குக்கு நானே கூட்டிக்கொண்டு போறன், ரூம் வாடகை மிச்சம். எனக்கு நல்லதுதான். ஆனா போன மாசம் வெள்ளவத்தைக்கு போய் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு தந்த அன்ரியைப் பார்த்தனான். முந்தி விடியக்காலமை நாலு மணிக்கு எழும்பி நாப்பது பார்சல் கட்டுவா, மீனுக்கு சிவப்பு றபர்பான்ட், மரக்கறிக்கு மஞ்சள், எனக்கு வெள்ளிக்கிழமையெண்டா மஞ்சள்தான் போட்டிருக்கும், ஏனெண்டா அண்டைக்கு நான் மச்சம் சாப்பிடுறேல்ல எண்டு அவவுக்கு தெரியும். இப்ப பன்ரண்டு பார்சலாம். "எல்லாரும் ஊரில நல்லா இருக்கிறியள்தானே ராசா, அது காணும்" எண்டா. எனக்கு கதைக்க வாய் வரேல்ல. அந்த நாப்பதில ஒண்டு நான்.

—

நான் மானிப்பாய், இப்ப ரொறன்ரோ. நீங்க எழுதினதை வாசிக்க எங்கட சித்தப்பான்ர ஞாபகம்தான் வந்தது. இஞ்ச டவுன்டவுனுக்கு கீழ பாத் எண்டு 30 கிலோமீற்றர் நிலக்கீழ் நடைபாதை இருக்கு, ஒபிஸ் கட்டிடங்களை ஒண்டோட ஒண்டு தொடுக்கிறது, அதுக்குள்ளதான் அவர் சாப்பாட்டுக் கடை வச்சிருந்தவர். மத்தியானம் பன்ரண்டுக்கு லைன் வாசலைத் தாண்டும். இப்ப செவ்வாய், புதன், வியாழன்தான் ஆக்கள், திங்களும் வெள்ளியும் வெறிச்சோடிக் கிடக்கும், வாடகையோ அஞ்சு நாளுக்கும்தான். ரெண்டு வருசம் இழுத்துப் பார்த்து கடைசியில கடையை குடுத்திட்டார். நானும் வீட்டில இருந்துதான் வேலை, அதை அவருக்கு முன்னால கதைக்கிறேல்ல.

—

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, பொம்பிளைப்பிள்ளை, அதால என்ர கதை கொஞ்சம் வேற. வீட்டில நிண்டா வேலை எண்டு ஒருத்தரும் எடுக்கீனமில்லை, மீற்றிங்குக்கு நடுவில "பிள்ளை, தேங்காயை ஒருக்கா திருவித்தா" எண்டு கூப்பிடுவினம், ஆரும் வந்தா நான்தான் தேத்தண்ணி ஊத்தவேணும், கோயில் திருவிழா வந்தா லவுட்ஸ்பீக்கர் நேரா என்ர ஜன்னலுக்குத்தான். அதால நாங்கள் மூண்டு பிள்ளையள் சேர்ந்து ஸ்ரான்லி றோட்டுப் பக்கம் ஒரு கடைக்கு மேல ரூம் வாடகைக்கு எடுத்தம். பழைய ஸ்ரோர் ரூம், கூட்டிக் கழுவவே ரெண்டு நாள் போச்சு. இப்ப கீழ்க்கடை ஐயா மூண்டரைக்கே றோல்ஸ் பொரிக்கத் தொடங்கீட்டார், முந்தி அஞ்சு மணிக்குத்தானாம். கொழும்பில குறைஞ்சதில ஒரு துளியாவது எங்கட ரவுணுக்கு வரட்டும், வீட்டுக்குள்ளயே எல்லாரும் இருந்தா அதுவும் வராது.

—

(கொக்குவில்) தங்கச்சி, அந்தப் பக்கம் வேற ரூம் ஏதும் வாடகைக்கு இருந்தா சொல்லுங்கோ, நாங்களும் நாலு பேர் நிக்கிறம். பிறகு ஒண்டு, வெள்ளவத்தையில இப்ப தங்கி நிக்கிற பெடியள் ஆரும் இதை வாசிச்சா எனக்கு மெசேஜ் போடுங்கோ, அன்ரின்ர நம்பர் தாறன். வெள்ளிக்கிழமை மரக்கறி எண்டா முதல் நாளே சொல்லவேணும்.