பழைய லேப்டாப் கிராபிக்ஸ் கார்டு ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

புல்வெளி950:

ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு, எழுதிடறேன். என்கிட்ட என்விடியா 950எம் கார்டு, மெமரி 4 ஜிபி. ரூம்மேட்கிட்டயும் 950எம்தான், ஆனா 2 ஜிபி. ஆறு மாசமா அவனோடதை "அரை கார்டு"ன்னுதான் சொல்லிட்டு இருந்தேன்.

ஒரு ராத்திரி ரெண்டு லேப்டாப்பும் ஒரே மேஜையில. ஜிடிஏ 5 கேம். ஊருக்கு வெளியே மலைப்பக்கம் புல் அடர்ந்த சரிவு வருமே, அங்க போய் ரெண்டு பேரும் ஒரே இடத்துல நின்னோம். செட்டிங் எல்லாம் ஒண்ணுதான், 1080பி, புல் 'ஹை'. மௌஸை மெதுவா நகர்த்தினேன். எனக்குப் படம் திரும்பலை, தாவுது. விநாடிக்கு 24, 22, 25 ஃபிரேம். கையை நிறுத்தின பிறகுதான் திரை வந்து நிக்குது. அவன் பக்கம் அதே புல்லு காத்துல ஆடிட்டு இருக்கு, 37. அவன் ஒரு வார்த்தை பேசலை. லேப்டாப்பை மட்டும் இன்னும் கொஞ்சம் என் பக்கமா திருப்பி வெச்சான். அந்தத் திருப்பு இருக்கே, அதைத்தான் மறக்க முடியலை.

ஜிபியு-இசட் (கார்டோட விவரம் காட்டற மென்பொருள்) போட்டுப் பார்த்தேன். ரெண்டுலயும் 640 கோர் (கணக்குப் போடற அலகு), ரெண்டுலயும் 128 பிட் பஸ் (மெமரிக்குப் போற பாதை). கடிகார வேகம்கூட எனக்குத்தான் ஜாஸ்தி, எனக்கு 993 மெகாஹெர்ட்ஸ், அவனுக்கு 914. கீழ ஒரு வரியிலதான் விஷயம் இருந்துச்சு. என்னோட மெமரி டிடிஆர்3, விநாடிக்கு 32 ஜிபி. அவனோடது ஜிடிடிஆர்5, 80 ஜிபி. தொட்டி பெருசு, குழாய் சின்னது. லேப்டாப்ல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல '4 ஜிபி'ன்னு கட்டை விரல் அளவுக்குப் போட்டிருந்தாங்க. டிடிஆர்3ன்னு ஒரு எழுத்து இல்லை.

இன்னிக்கு வரைக்கும் அவன்கிட்ட அந்த "அரை கார்டு" வார்த்தையைத் திரும்பச் சொன்னதில்லை.


கெப்ளர்பட்டவன்:

உங்களுக்காவது மெமரி மட்டும்தான் வேற. 860எம்ல சில்லே வேற. 2014ல அந்த ஒரே பேர்ல ரெண்டு வந்துச்சு. ஒண்ணு மேக்ஸ்வெல்ங்கற புது சில்லு வடிவமைப்பு, 640 கோர். இன்னொண்ணு அதுக்கு முந்தின கெப்ளர், 1152 கோர். நான் கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கினவன். கிளாஸ்மேட் மேக்ஸ்வெல் வாங்கினான், எனக்கு வாய்ச்சது கெப்ளர். கோர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆனா ஓடுறது 800 மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழ. விளையாட்டுல ரெண்டும் ஏறக்குறைய சமம்தான். ஒரே வித்தியாசம், என்னோடது மடியில வெச்சா தொடை வேகும்.

அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். ஆனா 2019ல ஒரு நாள் புது கேமுக்காக டிரைவர் இறக்கி நிறுவப் போனேன். பச்சைக் கோடு பாதி வரைக்கும் வந்துச்சு, நின்னுச்சு, "பொருந்தக்கூடிய வன்பொருள் எதுவும் இல்லை"ன்னுச்சு. லேப்டாப் மூடியில 860எம்ன்னு ஒட்டியிருக்கு, இது இல்லைங்குது! கிளாஸ்மேட்டுக்கு போன் போட்டேன். அவனுக்கு அதே ஃபைல் ரெண்டு நிமிஷத்துல ஏறிடுச்சு. அப்பறம்தான் தெரிஞ்சுது, லேப்டாப் கெப்ளருக்கெல்லாம் அந்த ஏப்ரலோட கேம் டிரைவரை நிறுத்திட்டாங்கன்னு.

யாராவது பழைய 860எம் வாங்கறீங்கன்னா டிவைஸ் மேனேஜர்ல ஹார்டுவேர் ஐடி பாருங்க. 1392ன்னா மேக்ஸ்வெல், 119ஏ-ன்னா கெப்ளர், என்னோட கூட்டாளி.


தூசிதட்டி:

புல்வெளி நண்பா, கோவிச்சுக்காதீங்க. மெமரி, மெமரின்னு எல்லாப் பழியையும் அது மேல போடறீங்க. அந்த மேஜையில ரெண்டு லேப்டாப்போட வெப்பநிலை எவ்வளவுன்னு பார்த்தீங்களா? ஏன் கேக்கறேன்னா, நானும் இப்படித்தான் ஏமாந்தேன்.

என்னோடது 960எம். தம்பியோடது 1050. ரெண்டுக்கும் 640 கோர்தான், ஆனா அவனோடது மேக்ஸ்வெல்லுக்கு அடுத்து வந்த பாஸ்கல், வேகம் 1500 கிட்ட போகும், மெமரியும் விநாடிக்கு 112 ஜிபி, என்னோடது 80. காகிதத்துல பார்த்தா எனக்கு வாய்ப்பே இல்லை. விட்சர் 3 கேம்ல ரெண்டு பேரும் ஒரே சதுப்பு நிலத்துல ஓடினோம். முதல் பத்து நிமிஷம் அவன் எங்கயோ போயிட்டான். இருபதாவது நிமிஷம் அவனோடது திணற ஆரம்பிச்சுது, அரை மணியில என்னோடதுதான் முன்னாடி. நான் குதிச்ச குதி இருக்கே. "பழைய மேக்ஸ்வெல் தங்கம்டா"ன்னு மூணு மாசம் எல்லார்கிட்டயும் சொல்லித் திரிஞ்சேன்.

அப்பறம் ஒரு நாள் அவனோட லேப்டாப் அடிமூடியைக் கழட்டினோம். ஃபேனுக்கும் அந்தச் செம்புத் தகடு அடுக்குக்கும் நடுவுல சாம்பல் நிறத்துல ஒரு துண்டு. தூசின்னா பொடியா இருக்கும்னு நினைச்சேன். இது கம்பளி. டிவீசர்ல ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தா மொத்தமா, கிழியாம, தகட்டோட கோடு கோடான அச்சோட வெளிய வந்துச்சு. தம்பி அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டே இருந்தான்.

அன்னிக்கு ராத்திரியே மறுபடி ஓட்டினோம். அதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவைகூட நான் அவனை ஜெயிச்சதில்லை.


புல்வெளி950:

தூசிதட்டி, வெப்பம் பார்த்தேன். என்னோடது 71, அவனோடது 74. சூடு பிரச்சினையே இல்லை. புல்லும் நிழலும் நிறைஞ்ச இடத்துல மெமரி போக்குவரத்து எகிறும், அங்கதான் டிடிஆர்3 மூச்சு வாங்குது. கட்டடத்துக்குள்ள போனா ரெண்டு பேருக்கும் வித்தியாசம் 4, 5 ஃபிரேம்தான் வந்துச்சு. தூசியா இருந்தா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி அடி விழுந்திருக்கணுமே?


வாட்கணக்கு:

என் கதை சின்னது. 960எம், ரயில் பயணம், பேட்டரியில ஓட்டறேன். எந்த செட்டிங் வெச்சாலும் சரியா 30. லோல 30, ஹைல 30, மெனுவுலயும் 30. சாதாரணமா 28, 31ன்னு ஆடணும், இது ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. கார்டு போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். பார்த்தா பேட்டரி பூஸ்ட். பேட்டரியில ஓடும்போது ஃபிரேமைக் கட்டிப்போடற வசதி, நானே எப்பவோ ஆன் பண்ணிட்டு மறந்துட்டேன். அவ்வளவுதான்.

ஆனா மேல எல்லாரும் ஒப்பிட்ட விதத்தைப் பார்த்தா சில விஷயம் சொல்லித்தான் ஆகணும். முதல்ல, ரெண்டு லேப்டாப்பும் சார்ஜர்ல இருக்கணும், அதுவும் சொந்த சார்ஜர்ல. 120 வாட் கேக்கற லேப்டாப்புக்கு 90 வாட் சார்ஜரைச் சொருகினா அது எதுவும் சொல்லாம வேகத்தைக் குறைச்சுக்கும், நீங்க கார்டைத் திட்டிட்டு இருப்பீங்க. விண்டோஸ் பவர் மோடு ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும். முதல் அஞ்சு நிமிஷ எண்ணை நம்பாதீங்க, இருபது நிமிஷம் சூடேத்தி அப்பறம் குறிச்சுக்கோங்க. சராசரி எஃப்பிஎஸ்ஸை (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்ங்கறதை) மட்டும் பார்க்காதீங்க, எங்க சறுக்குதுங்கறதுதான் கண்ணை உறுத்தும். சுத்தம் பண்றவங்க பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிட்டுப் பண்ணுங்க. காத்து அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, இல்லைன்னா அது கண்டபடி சுத்தி பேரிங்கைத் தின்னுடும். தெர்மல் பேஸ்ட் (சில்லோட சூட்டைக் கடத்தற பசை) மாத்தும்போது மெமரி சில்லு மேல இருக்கற பேடை (மெத்தை மாதிரி பட்டை) பிய்ச்சுட்டு அங்கயும் பேஸ்ட் தடவற ஆளுங்களைப் பார்த்திருக்கேன். பண்ணாதீங்க, அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. டெக்ஸ்சரைக் குறைக்கறதுக்கு முன்னாடி நிழலைக் குறைங்க. 1080ல திணறினா 900பி போங்க, 15 அங்குல திரையில பெருசா தெரியாது. 40 வரக்கூடிய கேமை 30க்குப் பூட்டிட்டா சத்தமும் குறையும், கைக்கும் சீரா இருக்கும். அப்பறம் எல்லாரும் ஆஃப்டர்பர்னர் மென்பொருள்ல வோல்டேஜ் கர்வை இறக்கி அண்டர்வோல்ட் பண்ணுங்க (கார்டுக்குப் போற மின்னழுத்தத்தைக் குறைங்க), சூடு அஞ்சாறு டிகிரி இறங்கும். ஒரு கேம் முழுசா ஓட்டி கிராஷ் ஆகலைன்னா இன்னும் ஒரு படி இறக்கிப் பாருங்க.


குளிர்ந்தலேப்டாப்:

வாட்கணக்கு சார், யார் கேட்டா? கேட்டவங்களுக்காவது உதவணும். அந்த கர்வ் எடிட்டர் பாஸ்கல்ல இருந்துதான் வேலை செய்யும். உங்க 960எம்லயே திறக்காது. திறந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

சரி, என் கதைக்கு வரேன். 950எம் வெச்சிருந்தேன் (ஜிடிடிஆர்5, நல்ல வேளை). கனமா இருக்குன்னு வித்துட்டு எம்எக்ஸ்150 போட்ட மெலிசான லேப்டாப்புக்குப் போனேன். 950எம்முக்குச் சமமா வரும்னு படிச்சிருந்தேன். அது பொய்யில்லை, நண்பனோட எம்எக்ஸ்150ல வரவும் வந்துச்சு. என்னோடதுல வரலை. நான் தினமும் விளையாடற ரேஸ் கேம்லயே முன்னாடி இருந்ததைவிட மோசம்.

நானும் சூடுன்னுதான் நினைச்சேன். விளையாடிட்டே அடியில கையை வெச்சுப் பார்த்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு. 58 டிகிரி. ஃபேன் முனகக்கூட இல்லை. இவ்வளவு நிதானமா ஒரு கார்டு தோத்து நான் பார்த்ததில்லை! கடிகாரத்தைப் பார்த்தா 1000 பக்கத்துலயே நிக்குது, நண்பனோடது 1500 தொடுது. அப்பறம் ஹார்டுவேர் ஐடி பார்த்தேன். 1டி10ன்னா 25 வாட். 1டி12ன்னா 10 வாட். எனக்கு 1டி12. பெட்டியில, ஸ்டிக்கர்ல, சிஸ்டம் இன்ஃபோல, எங்கயும் பேர் எம்எக்ஸ்150தான், கூட ஒரு எழுத்து கிடையாது. 2018ல இது வெளிய வந்தப்பதான் பல பேருக்கே தெரிஞ்சுது.

தூசிதட்டி, உங்க தூசிக் கதை உண்மைதான். ஆனா என் லேப்டாப்பைக் கழட்டிக் கழுவியே வெச்சிருந்தாலும் ஒரு ஃபிரேம் ஏறியிருக்காது. அதுக்கு கொடுத்த தீனியே அவ்வளவுதான்.


பின்பெஞ்சு:

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசறீங்க, எனக்குச் சொல்லவே வெக்கமா இருக்கு.

என் 940எம்எக்ஸையும் அத்தை பையனோட 950எம்மையும் ஒப்பிட்டு எட்டு மாசம் புலம்பினேன். எல்லாத்தையும் லோ-ல வெச்சு 720பில விளையாடுவேன். எதிரியோட தலை ரெண்டு பிக்சல். அவன் வந்து பார்த்துட்டு "அண்ணா, இது கார்டுல இல்ல, சிபியுக்குள்ள இருக்கற இன்டெல் கிராபிக்ஸ்ல ஓடுது"ன்னான். ஆப்டிமஸ்னு ஒண்ணு இருக்காமே, எந்த ஆப் எந்தக் கார்டுல ஓடணும்னு அதுவே பிரிச்சு விடுமாம். அந்த கேமை மட்டும் அது கண்டுக்கவே இல்லை. என் கார்டு எட்டு மாசமா தூங்கிட்டு இருந்திருக்கு.

கன்ட்ரோல் பேனல்ல போய் மாத்தி விட்டான். கேம் திறந்துச்சு. திடீர்னு லேப்டாப்ல இருந்து 'உய்ய்ய்'ன்னு ஒரு சத்தம். வாங்கின நாள்ல இருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பதறிப்போய் பவர் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிட்டேன். அவன் தரையில உருண்டு உருண்டு சிரிக்கறான். அது ஃபேன்.


கெப்ளர்பட்டவன்:

பின்பெஞ்சு, உங்க கார்டு புதுசு மாதிரிதான் இருக்கும், எட்டு மாசம் ஓடவே இல்லையே. விற்பனைக்குப் போட்டா "மிகக் குறைந்த பயன்பாடு"ன்னு தாராளமா எழுதலாம்.

தூசிதட்டி, குளிர்ந்தலேப்டாப், உங்களுக்கு ஒரு செய்தி. 2025 அக்டோபரோட மேக்ஸ்வெல், பாஸ்கல் ரெண்டுக்கும் கேம் டிரைவர் முடிஞ்சுது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் வரும். ஆறு வருஷமா நான் மட்டும்தான் இந்தப் பக்கம் தனியா உக்காந்திருந்தேன். வாங்க, இடம் இருக்கு.


தூசிதட்டி:

கெப்ளர் அண்ணே, இப்படியா வரவேற்கறது.

புல்வெளி, கட்டடத்துக்குள்ள வித்தியாசம் குறைஞ்சுதுன்னு சொன்னது நல்ல பாயின்ட், சூடு இல்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன். லேப்டாப் ரேம் எத்தனை குச்சி? ஒரு குச்சி போட்டா சிங்கிள் சேனல், அதாவது ரேமுக்கு ஒரே பாதை, சிபியு பக்கமே இழுக்கும். அதைப் பார்க்காம கார்டு மேல தீர்ப்பு எழுதாதீங்க.


புல்வெளி950:

இந்தக் கேள்வி வந்திருக்கவே கூடாது. மூணு நாளா தூக்கம் கெட்டுது.

கழட்டிப் பார்த்தேன். எனக்கு 8 ஜிபி ஒரே குச்சி. அவனுக்கு 4 ஜிபி ரெண்டு. இத்தனை நாளா சொன்ன கதையில ஓட்டை. சரின்னு அவன்கிட்டயே போய், குச்சியை மாத்திப் போட்டுப் பார்க்கலாமான்னு கேட்டேன். எதுக்குன்னு கேட்டான். சொன்னேன். அப்பவும் ஒண்ணும் பேசலை, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு வந்தான். நல்ல வேளை, ரெண்டுமே ஒரே வகை ரேம்.

அவனோட ரெண்டு குச்சி எனக்கு, என்னோட ஒத்தைக் குச்சி அவனுக்கு. அதே மலை, அதே சரிவு, வேணும்னே அதே சாயங்கால நேரம் வர்ற வரைக்கும் கேமுக்குள்ள காத்திருந்தோம். எனக்கு 24ல இருந்து 26. திரும்பும்போது வர்ற தாவல் கொஞ்சம் அடங்குச்சு, அதை ஒத்துக்கணும். அவனுக்கு 37ல இருந்து 35.

தூசிதட்டி, ரெண்டு ஃபிரேம் உங்க கணக்குல. மீதி பதினொண்ணு டிடிஆர்3 கணக்குலதான்.

குச்சியைத் திருப்பிக் கொடுக்கப் போனப்ப, "நீயே வெச்சுக்கோ, அரை கார்டுக்கு ஒத்தைக் குச்சி போதும்"ன்னான். ஆறு மாசம் நான் சொன்னது ஒண்ணையும் அவன் மறக்கலை.