அரிட்டாபட்டி ரோட்டில் பனங்காடை: வண்டியை நிறுத்தினாலே பறந்துவிடுகிறது

தெற்குவாசல்காரன்:
மூன்று ஞாயிறாக விடியற்காலையில் நரசிங்கம்பட்டியில் மதுரை-மேலூர் நாற்கரச் சாலையை விட்டு இறங்கி அரிட்டாபட்டி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறேன். கரன்ட் கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கிறது. பைக்கில் கடந்து போனால் கண்டுகொள்வதே இல்லை, ஆனால் நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, பையிலிருந்து கேமராவை எடுத்து நிமிர்ந்தால் கம்பி காலி. கையில் 70-300 லென்ஸ். கிடைத்ததெல்லாம் வெளுத்த வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளிதான். சிறகு விரியும்போது தெரிகிற அந்த நீலத்தை ஒரு தடவையாவது எடுத்துவிட வேண்டும். பெரிய லென்ஸ் வாங்கினால்தான் நடக்குமா?

கண்மாய்க்கரை:
லென்ஸ் போதும் தம்பி. அது பைக்குக்குப் பயப்படுவதில்லை, பைக்கிலிருந்து இறங்கி நிற்கிற ஆளுக்குத்தான் பயப்படுகிறது. யாரிடமாவது கார் இருந்தால் கூடப் போங்கள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் இருங்கள். ஒரு துணிப்பையில் பாதி அளவுக்கு அரிசியைப் போட்டுக் கட்டி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் கை ஆடாது. பைக்தான் என்றால் கேமரா முதலிலேயே கழுத்தில் தொங்கட்டும், இறங்கவே வேண்டாம்.

அப்புறம், துரத்தாதீர்கள். பனங்காடை கம்பியிலிருந்து தரையில் பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் பழைய இடத்துக்கோ பக்கத்துக்கோ திரும்பிவிடும். அரை மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் அதன் போக்கு பிடிபடும்.

ஷட்டர் 2000:
வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், கறுப்புப் புள்ளிக்குக் காரணம் எதிர்வெயில்தான். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வையுங்கள், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். பறவை கம்பியில் இருப்பதைவிட வேலிக்கல்லில் உட்கார்ந்திருக்கும்போது எடுப்பது நல்லது, பின்னால் வயல் பச்சை வரும். வெயில் ஏறிவிட்டால் தார் ரோட்டுக்கு மேல் காற்று நெளியும், எந்த லென்ஸிலும் படம் கூர்மையாக வராது.

மேலூர் அக்கா:
தம்பி, ஒன்று மட்டும் சொல்கிறேன். மார்ச்சுக்கு மேல் அந்தப் பக்கம் பட்டுப்போன பனைமரப் பொந்துகளில் பனங்காடை குஞ்சு பொரிக்கும், பொந்துக்கு நேரே போய் நிற்காதீர்கள். ஆட்காட்டிக் குருவி இன்னும் பாவம், வெறுந்தரையில்தான் நாலு முட்டை இடும். மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு இருக்கும், குனிந்து பார்த்தால்கூடக் கூழாங்கல் என்றுதான் நினைப்போம். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கிற பறவை அது. போன கோடையில் கண்மாய்ப் பொட்டலில் இரண்டு பேர் முட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், தாய் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது, முட்டை வெயிலில் கிடந்தது. நான் போய்ச் சொன்ன பிறகுதான் எழுந்தார்கள். தலைக்கு மேலே ஆட்காட்டி கத்தினால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். 2022இல் அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் ஊர் ஊராக நின்று தடுத்தோம், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தெற்குவாசல்காரன்:
நன்றி அக்கா, பனை மரங்கள் பக்கம் போக மாட்டேன். இன்று காலை நண்பனின் காரில் போனோம். நாற்பது நிமிடம் இருந்ததில் வேலிக்கல்லிலிருந்து ஒன்று வெட்டுக்கிளிக்காகப் பாய்ந்தது, இரண்டு சிறகும் விரிந்து நீலம் முழுவதும் வந்திருக்கிறது. திரும்பும்போது மலைப்பாறை உச்சியில் வல்லூறு மாதிரி ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. லகர் வல்லூறா, ஷாஹீன் வல்லூறா என்று எதை வைத்துப் பிரித்துச் சொல்வது?

கண்மாய்க்கரை:
மார்பைப் பாருங்கள். ஷாஹீனுக்குச் செம்பழுப்பு, தலை கறுப்பு. லகருக்கு மார்பு வெளுப்பு, கண்ணுக்குக் கீழே மெல்லிய மீசைக்கோடு. எதுவானாலும் ரோட்டிலிருந்தே எடுங்கள், பாறை ஏற வேண்டாம். எந்தப் பாறை என்று இங்கே எழுதவும் வேண்டாம்.