வருகைக்கு மட்டும்தான்னு வாங்குன கையெழுத்து – உங்க அபார்ட்மெண்ட்லயும் நடந்திருக்கா?

காட்பாடி மூணாவது மாடி:

மூணு வாரமா மனசுல கிடந்து அரிக்குது, இங்க கொட்டிடறேன். பில்டர் நடத்துற சங்கம் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா என்ன. 64 வீடு, வித்தது 41, மிச்சம் 23 இன்னும் அவர் பேர்லதான். தலைவர் அவரோட மச்சான். செயலாளர் அவங்க ஆபீஸ் கணக்குப்பிள்ளை. நாங்க மாசாமாசம் 3,200 கட்டுற மெம்பருங்க.

அக்னி நட்சத்திரம் நடந்துக்கிட்டிருந்த ஒரு ஞாயித்துக்கிழமை, கார் பார்க்கிங்ல பொதுக்குழு. ஒரே ஒரு ஸ்டாண்டு ஃபேன், அதுவும் மேனேஜர் பக்கம் திரும்பி நின்னுச்சு. நான் எழுந்து கார்ப்பஸ் பணத்தை, அதான் பின்னால வர்ற பெரிய செலவுக்குன்னு சேர்த்து வைக்கிற பணத்தைப் பத்திக் கேட்டேன். ரிஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு வீட்டுக்கு 60,000 வாங்கினீங்களே, 41 வீட்டுக்கு 24 லட்சத்து 60 ஆயிரம், அது எந்த பேங்க்ல, யார் பேர்ல இருக்கு? இவ்வளவுதான் கேட்டேன். மேனேஜர் சிரிச்சுக்கிட்டே, "மேடம், முதல்ல பஜ்ஜிய சாப்பிடுங்க, ஆறிடப் போவுது"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதை நினைச்சாதான் இன்னிக்கும் பத்திக்கிட்டு வருது.

சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே நீள நோட்டு ஒண்ணு கைமாறி வந்துச்சு. "வருகைக்கு மட்டும்தான் மேடம்." எண்ணெய்க் கையோடவே வாங்கிப் போட்டுட்டேன். மேல பாதிப் பக்கம் காலியா இருந்தது கண்ணுல பட்டுச்சு, புத்தியில உறைக்கல.

பத்து நாள் கழிச்சு குரூப்ல ஒரு பி.டி.எஃப். "தீர்மானம் 4: பராமரிப்புப் பணியை பில்டர் நியமிக்கும் நிறுவனமே மேலும் 3 ஆண்டுகளுக்குத் தொடர ஏகமனதாக ஒப்புதல் அளிக்கப்படுகிறது." கீழே வரிசையா கையெழுத்துங்க. என்னுது பதினேழாவது. பக்கத்துலயே என் கட்டைவிரல் எண்ணெய்க் கறை, ஸ்கேன்ல கருப்பா விழுந்திருக்கு. இது என் கையெழுத்தே இல்லைன்னு பொய் சொல்லக்கூட வழியில்ல.

வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். "போட்டது நீதானே"ன்னுட்டு டிவி பக்கம் திரும்பிட்டார். உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

பாலாத்தங்கரை:

அக்கா, நம்முது அபார்ட்மெண்ட் இல்ல, வாலாஜா பக்கம் லேஅவுட்ல தனி வீடு. ஆனா பூட்டு ஒரே பூட்டுதான்.

லேஅவுட் நடுவுல ஒரு பார்க் கீது. மனை வாங்கும்போதே பார்க் மெயின்டனன்ஸ்னு 25,000 வாங்கிட்டாங்க. கேட்டு மட்டும் தொறந்து நான் பார்த்ததே இல்ல. கேட்டா வாட்ச்மேன் தாத்தா, "ஓனரு சாவிய எட்துகினு பூட்டாரு சார், நான் இன்னா பண்றது"ம்பாரு. பொங்கல் லீவுல எம் பொண்ணோட ஷட்டில் காக் உள்ள விழுந்துடுச்சு. அழுதுகினே நிக்கிறா. 46 வயசுல லுங்கிய மடிச்சுக் கட்டிகினு சுவர் ஏறினேன். திரும்பி வரும்போது முள்கம்பில மாட்டி லுங்கி டர்ர்னு கிழிஞ்சுது. நான் அந்தரத்துல தொங்கிகினு கீறேன், கீழ தாத்தா செல்போன்ல போட்டோ எடுத்துகினு கீறாரு. "மேனேஜர் அனுப்பச் சொல்லிகீறாரு சார், தப்பா நெனச்சிக்காதீங்க."

ராத்திரி குரூப்ல அந்தப் போட்டோ. கூடவே "அத்துமீறல் அபராதம் ரூ. 500". பொண்ணு எதிர்ல இன்னாத்துக்கு ரகளைன்னு கட்டிட்டேன்.

அப்புறம் வீட்டு வரி விஷயமா பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனவன், சும்மா லேஅவுட் வரைபடத்தக் கேட்டுப் பார்த்தேன். ரோடும் பார்க்கும் அப்ரூவல் வாங்குறப்பவே பஞ்சாயத்துக்குத் தானப்பத்திரம் எழுதிக் குடுத்தாச்சு. அது பில்டருதும் இல்ல, சங்கத்துதும் இல்ல, ஊர்ச் சொத்து. ஊர்ச் சொத்துக்குள்ள குதிச்சதுக்கு நான் 500 கட்டிகீறேன். ரசீது வேற குடுத்தாங்கக்கா, சீல் வச்சு.

சத்துவாச்சாரி நாலாவது மாடி:

எல்லாரும் பில்டரையே ஏசுறீங்க. நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், திட்டணும்னா திட்டிக்கோங்க.

மேடத்துக்கு இன்னும் மூணு வருஷம் அவங்க கையில போயிடுச்சேன்னு கோபம். எங்களுக்கு ஹேண்டோவர் கிடைச்சுது, பில்டர் கையில இருந்து நிர்வாகம் எங்க கைக்கு வந்துச்சு. சண்டை போட்டு வாங்கினோம், சாவிக்கொத்து கைக்கு வந்த அன்னிக்கு சரவெடி வெடிச்சோம். 48 வீடு. அடுத்த மாசமே 19 வீடு மெயின்டனன்ஸை நிறுத்திடுச்சு. பில்டர் இருந்தவரைக்கும் தண்ணிய நிறுத்திடுவான்னு பயந்து கட்டினவங்க, நம்ம ஆளு வந்ததும் "அடுத்த மாசம் சேர்த்துத் தரேன் சார்". லிஃப்ட் ஏ.எம்.சி., அதான் வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், புதுப்பிக்கக் காசு இல்ல. சித்திரையில லிஃப்ட் நின்னுச்சு, 11 நாள்.

அந்த 11 நாளுக்குள்ளதான் அப்பா இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ் ஆகி வந்தார். ஆம்புலன்ஸ்காரங்க வாசல்ல இறக்கிட்டுப் போயிட்டாங்க. பிளாஸ்டிக் சேர்ல உட்கார வச்சு நான், வாட்ச்மேன், யார் வீட்டுக்கோ சாப்பாடு கொண்டுவந்த டெலிவரிப் பையன், மூணு பேரா நாலு மாடி தூக்கினோம். ரெண்டாவது மாடித் திருப்பத்துல சேர் கால் ஒண்ணு லேசா மடங்குச்சு. அப்பா கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடினபடியே, "இந்தச் சங்கத்துக்கு எவன்டா தலைவன்?"னு கேட்டார். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார்.

நான்தான் தலைவர்.

பாலாத்தங்கரை:

சத்துவாச்சாரி அண்ணே, அப்பாவ நெனச்சா மனசு கஷ்டமா கீது. ஆனா உங்க ஆளுங்க 19 பேரு காசு கட்டாததுக்கும், அக்காகிட்ட ஏமாத்திக் கையெழுத்து வாங்குனதுக்கும் இன்னாண்ணே சம்பந்தம்? நம்ம வீட்ல நாமளே சமைச்சு அடிப்பிடிச்சா அது வேற. எவனோ சமைச்சிட்டு நம்மகிட்ட காசு வாங்குறது வேற.

சத்துவாச்சாரி நாலாவது மாடி:

அடிப்பிடிச்ச சோத்தைத் தின்னவனுக்குத்தான் தெரியும் தம்பி.

பத்திரம் படிச்சவன்:

வணக்கம். பதிவுத்துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. என் மகன் வாங்கிய வீட்டில் சங்கத்தின் துணைவிதிகளை (சங்கம் நடக்க வேண்டிய விதிகள்) கேட்டபோது, ஒன்றரை ஆண்டுகளாக "ஆடிட்டரிடம் இருக்கிறது" என்றே சொன்னார்கள். அது கிடக்கட்டும்.

சகோதரி முதலில் செய்திருக்க வேண்டியது, அந்தத் தீர்மானத்தை மறுத்து அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன், கடிதம் அனுப்புவது. வாட்ஸாப்பில் புலம்புவது கடிதம் ஆகாது. இப்போதும் அனுப்பலாம். அடுத்து, உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவானதா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பாருங்கள். பதிவாகியிருந்தால் துணைவிதியும் நிர்வாகிகள் பட்டியலும் அங்கே கோப்பில் இருக்கும், சான்றிட்ட நகல் வாங்கலாம். மேனேஜரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. பதிவே ஆகவில்லை என்றால் "தலைவர்" என்பது வெறும் பட்டப்பெயர்.

2016ஆம் ஆண்டின் ரெரா சட்டத்தில் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) 11ஆம் பிரிவைப் படியுங்கள். சங்கம் அமைய வழி செய்வது பில்டரின் கடமை. மாநிலச் சட்டத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், பெரும்பான்மை வீடுகள் புக்கிங் ஆன மூன்று மாதத்துக்குள் அமைய வேண்டும். எல்லாம் விற்றபிறகு பார்க்கலாம் என்பதெல்லாம் அவர்கள் வசதிக்குச் சொல்வது. 17ஆம் பிரிவு பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுப்பது பற்றியது. சாவிக்கொத்து கொடுப்பது ஹேண்டோவர் அல்ல. பத்திரம் ஆனதா? சத்துவாச்சாரி நண்பரும் இதைக் கவனிக்க. 14ஆம் பிரிவில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. நம் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிச் சட்டம் போய், 2022இல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள். தனி ஒருவராகவே ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், படிவம் எம். எல்லாரும் சேரட்டும் என்று காத்திருந்தால் ஒருவரும் சேர மாட்டார்கள்.

ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்: விற்காத 23 வீடுகளுக்கும் அவர் மாதம் 3,200 கட்டுகிறாரா? ஓட்டு வேண்டும் என்றால் கட்டணமும் உண்டு அல்லவா.

மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பற்றியும் யோசிக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்தாது, இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது. நோட்டில் கையெழுத்திடும் முன் கையையும் கழுவிக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி நாலாவது மாடி:

ஐயா, 19 வீட்டுக்காரங்ககிட்ட காசு வாங்குறதுக்கு எந்தப் பிரிவு? அதை மட்டும் சொல்லுங்க.

பாலாத்தங்கரை:

நம்ம வேலூரப் பத்தி பெரியவங்க ஒரு பேச்சு சொல்வாங்க இல்ல, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. கூட ஒண்ணு சேத்துக்கலாம், ஓனரு இல்லாத ஓனர் சங்கம்.

சத்துவாச்சாரி நாலாவது மாடி:

சாமி 1981லயே கோட்டைக்குள்ள வந்தாச்சு தம்பி. அதுவரைக்கும் ஜலகண்டேஸ்வரர் எங்க சத்துவாச்சாரியிலதான் இருந்தார், மறந்துடாத. 2021 நவம்பர்ல பாலாறு ஓடுன ஓட்டத்தையும் நீயே பார்த்திருப்ப. பழைய பேச்சையே எத்தனை நாளைக்குப் பேசுவீங்க.

பாகாயம் மருமகள்:

நீங்க எல்லாம் சட்டம் பேசிக்கிட்டு இருக்கீங்க. என்னுது சின்ன விஷயம்தான், யார்கிட்டயும் சொன்னதில்ல.

வீடு மாமனார் பேர்ல. வீட்டுக்காரர் கத்தார்ல இருக்கார். ஐப்பசியில மாமா தவறிட்டார். தை பிறந்ததும் மெயின்டனன்ஸ் பில்லுல பேர் மாத்தலாம்னு கீழ இருக்குற சங்க ஆபீசுக்குப் போனேன். அந்தப் பொண்ணு வீட்டு நம்பர் தேடுறேன்னு ஒரு நோட்டைத் தொறந்து என் பக்கம் திருப்பி வச்சிட்டு பீரோவுல வேற எதையோ தேடப் போயிட்டா. அது மார்கழி மாசக் கூட்டத்து நோட்டு. எங்க வீட்டு நம்பருக்கு நேரா மாமா பேர், பக்கத்துல கையெழுத்து. நீல மை. இங்கிலீஷ்ல, சுழிச்சு, அடியில ஒரு கோடு.

மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்து கடைசி ரெண்டு வருஷம் கைநாட்டுதான். பென்ஷன் பேப்பருக்கு நான்தான் விரலை மையில ஒத்தி, பேப்பர்ல வச்சு அழுத்துவேன். முடிஞ்சதும் ஈரத்துணியால துடைச்சு விடுவேன், கூச்சமா சிரிப்பார். அதுக்கு முன்னாடியும் அவர் தமிழ்லதான் கையெழுத்துப் போடுவார்.

அந்த நீலக் கையெழுத்து மேல விரலை வச்சுப் பார்த்தேன். ஒரு நிமிஷம், அவர் கீழ வந்து உட்கார்ந்துட்டுப் போயிருப்பாரோன்னு கூட தோணுச்சு. அந்தப் பொண்ணு வந்து, "என்னக்கா, கிடைச்சுதா?"ன்னா. நான் நோட்டை மூடிட்டேன். பேர் மாத்த என்னென்ன பேப்பர் வேணும்னு மட்டும் கேட்டுட்டு மேல வந்துட்டேன்.

போட்டோ எடுத்திருக்கலாம், தெரியும். இங்க யாரும் சொல்ல வேணாம். அத்தைகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

பத்திரம் படிச்சவன்:

சகோதரி, இறந்தவர் பெயரில் கையொப்பம் என்பது காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். வாரிசுச் சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில்

பத்திரம் படிச்சவன்:

மன்னிக்கவும். முந்தையதைப் பாதியில் அனுப்பிவிட்டேன். இருக்கட்டும். உங்கள் மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

காட்பாடி மூணாவது மாடி:

எல்லாருக்கும் நன்றி. பாகாயம் சகோதரி எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன், பதில் எழுத வரல.

போன ஞாயித்துக்கிழமை மறுபடி கூட்டம், லாரித் தண்ணிக் கணக்குக்காக. நான் கையைக் கழுவிட்டுத்தான் போனேன் ஐயா. நோட்டு வந்ததும் பக்கத்து உச்சியில "வருகைக்கு மட்டும்"னு நானே எழுதி, தேதி போட்டு, அதை ஒட்டியே கையெழுத்து போட்டேன். எனக்கு அடுத்து அஞ்சாவது மாடி ஆன்ட்டி. அவங்க என் கையெழுத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, பேரன் பையில இருந்து ஸ்கேலை வாங்கி, அவங்க கையெழுத்துக்குக் கீழ ஒரு கோடு இழுத்தாங்க. அவங்களுக்கு அடுத்தவரும் அதே ஸ்கேலைக் கேட்டார்.

மேனேஜர் நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்துட்டு, "பக்கம் வீணாப்போச்சு, புது நோட்டு வாங்கிட்டு வரச் சொல்றேன்"னு ஆபீஸ் பையனைக் கடைக்கு அனுப்பினார். பையன் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தான், ஞாயித்துக்கிழமை கடை இல்லைன்னான். அதுக்குள்ள பாதிப் பேர் வெயில் தாங்காம எழுந்து போயிட்டாங்க. 23 வீட்டுக்கு மெயின்டனன்ஸ் யார் கட்டுறாங்கன்னு கேட்டேன். "நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்"னார். கையில பேனாவே இல்ல.

இந்தத் தடவை மிளகாய் பஜ்ஜி. தட்டை வாங்கி மடியில வச்சுக்கிட்டே இருந்தேன், சாப்பிடல. 24 லட்சத்து 60 ஆயிரம் எந்த பேங்க்ல இருக்குன்னு இன்னும் யாரும் சொல்லல.